கன்னி மூலையில் ஒரு கிணறு

தன் கதாபாத்திரத்தின் பிள்ளைப்பிராயத்தைப் பன்னிரண்டு பக்கம் டைப் செய்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களை என்னால் மதிக்க முடியவில்லை. முயன்றும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கத்திலும் ஒருவன் அநாதையாக இருப்பான், அவன் ஊரை யாரோ கொளுத்தியிருப்பார்கள், அவன் தோளில் ஒரு மச்சம் இருக்கும். என் மேசைக்கு வந்தால் அவன் முதல் கதவைத் திறந்ததும் எலி கடித்துச் சாவான். மச்சத்தோடு சாவான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது காகிதத்தையும் வாயையும் வைத்து ஆடுகிற ஆட்டம். ஒருவர் ஒரு பாதாளக் கோட்டையை வரைந்து வைத்துக்கொள்வார், யாருக்கும் காட்டமாட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக அதற்குள் இறங்குவார்கள். "ஈரமான வழி, இருபதடி போய் வடக்கே திரும்புது" என்று அவர் சொல்வார். "பந்தத்தைத் தாழ்த்தித் தரையைப் பாக்கறேன்" என்பார்கள் இவர்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவது. அவ்வளவுதான். பழைய முறையில் ஆடினால் வீரன் என்பவன் மூன்று அடி தாங்குகிற சாதாரண ஆள். பந்தம் அணையும், கயிறு போதாது, வழியை நீங்களே கட்டக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும், செத்தால் செத்ததுதான். நான் இந்த முறைக்காரன். மன்னார்புரத்திலிருந்து ஞாயிறுதோறும் மதியம் இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் போய் இதை நடத்துகிறேன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று எல்லாரையும் இருட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால் எனக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தில்லைநகரில் ஒரு காபிக் கடை மாடியில் இன்னொரு மேசை நடக்கிறது. இரண்டு தடவை போயிருக்கிறேன். ஊதா நிற விளக்கு, ஸ்பீக்கரில் மழைச் சத்தம், நடத்துகிறவர் முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு. அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் பகடையை உருட்டுவார். உருட்டிவிட்டு ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது அழுகிற மாதிரி இருந்தால், "நூலிழையில தப்பிச்சிட்டீங்க" என்பார். நான் இருந்த இரண்டு ஞாயிறிலும் பதினோரு பேர் நூலிழையில் தப்பித்தார்கள். ஒரு டிராகன், நூல் கடைக்கு வந்த மாதிரி, சுற்றிச் சுற்றி யாரையும் தொடாமல் போனது. அவர்கள் அதைக் கதை என்றார்கள். கோல்ட் காபியை உறிஞ்சிக்கொண்டே வீரச்செயல் புரிந்தார்கள். தோற்கவே முடியாத இடத்தில் ஜெயிப்பதற்கு எதற்கு ஆறு விதப் பகடை என்று கேட்டேன். என்னை மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

எங்கள் மேசையில் தடுப்பு கிடையாது. பகடை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் விழும். விழுந்ததை நான் மாற்றியதில்லை. இந்த ஒன்றை வைத்துத்தான் ஊரில் உள்ள அத்தனை மேசைகளையும் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஆடுகிற மேசைகூட எங்களுடையது அல்ல. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் ஒரு கட்டட இன்ஜினியரின் ஆபீஸ் இருக்கிறது. அங்கே வீட்டு பிளான் வரைகிற அக்கா ஒருவர். உறவில்லை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சாவி அவரிடம் இருக்கும். எங்கள் கூட்டத்துக்கு வழி வரைகிறவரும் அவர்தான். நான் வாயால் சொல்லச் சொல்ல அவர் ஸ்கேல் வைத்து வரைவார். பதினான்கு மாதத்தில் ஒரு சுவர்கூட அவர் தாளில் கோணியதில்லை. அவருடைய ஆள் ஒரு கேடயக்காரி. மூன்று அடி தாங்குகிறவளாக ஆரம்பித்து, பதினான்கு மாதம் உயிரோடு இருந்து, இருபத்திரண்டு அடி தாங்குகிறவளாக ஆகியிருந்தாள். எங்கள் மேசையில் அது பெரிய வயது. மற்றவர்களின் முதல் ஆட்கள் எப்போதோ செத்திருந்தார்கள்.

மற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் மணப்பாறைக்காரர், முறுக்குக் கடை, முப்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் ஒரு பை உடைந்த முறுக்கோடு வருவார். திருடனாக ஆடுவார், எதையும் திருடமாட்டார், எல்லாரையும் முன்னால் விட்டுப் பின்னால் நடப்பார். இன்னொருவர் பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கிறவர். மச்சம் வைத்த பன்னிரண்டு பக்கம் அவருடையதுதான். அந்த மந்திரவாதி முதல் தளத்திலேயே செத்துப்போனான்; பதிமூன்றாவது பக்கத்தோடு தம்பி மந்திரவாதி வந்திருந்தான்.

இனி என் சோம்பேறித்தனத்தைச் சொல்ல வேண்டும். கோட்டையின் முதல் தளத்தை வரைந்தபோது எந்த அறையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆபீஸ் சுவர் முழுக்க வீட்டு பிளான்கள். வீடு கட்டுகிறவன் இந்த ஊரில் சிமென்டைப் பற்றிக் கேட்கமாட்டான், கம்பியைப் பற்றிக் கேட்கமாட்டான். ஈசானியம் எங்கே, அக்னி மூலை எங்கே, டாய்லெட் எந்தப் பக்கம் பார்க்குது என்று மட்டும் கேட்பான். விரிசல் விட்ட சுவருக்குள் சரியான மூலையில் படுத்துத் தூங்குவான். நான் சிரித்துக்கொண்டே அதையே காப்பியடித்தேன். வடகிழக்கில் கிணறு. தென்கிழக்கில் அடுப்படி. தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், கனமான இரும்புப் பெட்டி.

மூன்று வாரத்தில் அக்கா கண்டுபிடித்துவிட்டார். "பெட்டி எங்கன்னு தேட வேணாம். கன்னி மூலைக்கு நேரா போங்க" என்றார். போனார்கள். இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் கோட்டையை மாற்றவில்லை. ஒருமுறை வரைந்ததை மாற்றுகிறவன் தில்லைநகருக்குப் போகலாம்.

இரண்டாம் தளம் ஆரம்பித்து ஐந்தாவது ஞாயிறு அது நடந்தது. முதல் தளத்தின் நடுவிலிருக்கிற படி வழியாக அவர்கள் இரண்டாம் தளத்துக்கு இறங்கியிருந்தார்கள். முதல் தளத்தின் கிழக்குக் கோடியில் இன்னொரு படி கீழே இறங்குவதை முன்பே பார்த்து, அக்கா தன் தாளில் குறித்து வைத்திருந்தார். அன்றைக்கு அவர்கள் இரண்டாம் தளத்தில் ஒரு அறைக்குள் நுழைந்தார்கள். என் நோட்டைப் பார்த்து, "நடுவுல கிணறு. உள்ள தண்ணி சலசலன்னு கேக்குது" என்றேன்.

அக்கா பென்சிலை வைத்தார். "இது தென்மேற்கு மூலை."

"ஆமா."

"கன்னி மூலையில கிணறா?"

"கிணறுதான் அக்கா."

"யாரும் தோண்ட மாட்டாங்க. நீயே தோண்ட மாட்ட. மேல எல்லாம் ஒழுங்கா வச்சவன் கீழ ஏன் மாத்தி வைப்பான்? உன் நோட்ட ஒருவாட்டி பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அடுப்படி வடமேற்குலன்னு போன வாரம் சொன்னப்பவே யோசிச்சேன். அதையாவது ரெண்டாவது சாய்ஸ்னு விட்டுடலாம். கிணறு இடிக்குதே."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. "அக்கா, இது பூதங்க கட்டின கோட்டை. உங்க இன்ஜினியர்கிட்ட பிளான் அப்ரூவல் வாங்கல. மூலைமூலையா பார்த்துக் கட்டறதுக்கு அதுங்க என்ன கவுன்சிலரா" என்றேன். மணப்பாறைக்காரர் முறுக்கு புரையேறச் சிரித்தார். அக்கா கிணற்றைத் தென்மேற்கில் வரைந்தார். நான் சொன்னதை வரைவதுதான் அவர் வேலை. வரைந்ததைத் திருத்திக் கொடுக்காமல் இருப்பது என் வேலை.

கிணற்றிலிருந்து பூரான் ஏறி வந்தது. ஆளுயரப் பூரான். ஓடினார்கள். கிழக்கும் மேற்கும் பிரிகிற ஒரு முக்கில் வந்து நின்றார்கள். அக்கா இரண்டு தளத்துத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மேல கிழக்குக் கோடியில படி இருக்கு. அப்ப இங்கயும் கிழக்குலதான் வந்து முடியணும். கிழக்க ஓடுறோம்."

என் நோட்டில் கிழக்கே அறுபதடி போனால் சுவர். வேறொன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஸ்கேல் வைத்து வரைகிறவரும் தப்புவிடுகிறாரே என்று.

சுவரில் முட்டியதும் கேடயக்காரி திரும்பி நின்றாள். பூரான் அவள்மேல் சுற்றிக்கொண்ட நேரத்தில் மற்ற இரண்டு பேரும் சுவரோரமாக நழுவி, வந்த வழியே தப்பிவிட்டார்கள். கொடுக்குக்காக நான் உருட்டினேன், பட்டது. விஷத்துக்காக அக்கா உருட்டினார், ஆறு. பன்னிரண்டு வேண்டும். செத்துப்போனாள்.

அக்கா வாதாடவில்லை. ஸ்கேலையும் பென்சிலையும் பெட்டியில் போட்டு மூடினார். "தில்லைநகர்ல ரொம்ப நாளா கூப்புடறாங்க. அடுத்த ஞாயிறு வந்து கதவத் திறந்து விட்டுட்டு அங்க போய்ப் பாக்கறேன்" என்றார்.

"அங்க யாரும் சாகவே மாட்டாங்க அக்கா."

"அங்க படியாவது படி இருக்கற எடத்துல இருக்கும்ல."

திரும்பி வரும் பஸ்ஸில், காவிரிப் பாலம் தாண்டி, சத்திரத்தில் ஒரு கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. அவர் தப்பை ரசிப்பதற்காகவே நோட்டைத் திறந்தேன். சுருள் கம்பி போட்ட நோட்டு. முதல் தளத்துப் பக்கத்தில் கம்பி இடது கைப்பக்கம் இருந்தது. அடுத்த தாளின் முன்பக்கத்தில்தான் இரண்டாம் தளம்; அதை எழுத்து நேராகத் தெரிகிற மாதிரி பிடித்தால், கம்பி வலது கைப்பக்கம் இருந்தது.

நான் இரண்டாம் தளத்துச் சுவர்கள், கிணறு, அடுப்படி எல்லாவற்றையும் முதல் தளத்தின் மேலேயே தாளை வைத்து, படிக்கு நேரே படி வருகிற மாதிரி ஒழுங்காகத்தான் வரைந்தேன். அறைகளுக்கு எண் போட்டதுதான் வேறு நாள். அம்மா என்னைச் சமயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போன நாள். பொது வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். கம்பித் தடுப்புக்குள் ஆடு மாதிரி நிற்பதை ஜனங்கள் எப்படித்தான் பக்தி என்கிறார்களோ என்று எரிச்சலோடு நோட்டை எடுத்து, நின்றபடியே எண்களைப் போட்டேன். தலைகீழாகப் பிடித்துப் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஐந்து வாரமும் அந்த எண்கள் நேராகத் தெரிகிற மாதிரியே பிடித்துப் படித்திருக்கிறேன். வடக்கைத் தெற்கு என்றும் கிழக்கை மேற்கு என்றும் சொல்லியிருக்கிறேன். தளத்துக்குள் எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாகவே இருந்ததால் எதுவும் இடிக்கவில்லை. கிணறு மட்டும் இடித்தது. அதை அவர் சொன்னார். நான் கவுன்சிலர் ஜோக் அடித்தேன்.

மாறி ஏறிய பஸ்ஸில் மன்னார்புரத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

அந்த வாரம் நான் யோசித்தவை எல்லாம் அருவருப்பானவை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நோட்டை யாருக்கும் காட்டாமல் இருப்பதுதானே ஆட்டத்தின் விதி. பக்கத்தைக் கிழித்துவிட்டு நேராக வரைந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஒரு முனிவரைக் கொண்டுவந்து கேடயக்காரியை எழுப்பலாம், கதை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரை ஊதா விளக்குக்காரரைப் பற்றி நான் பேசிய அத்தனை பேச்சுக்கும் சாமான்கள் இப்போது என் வீட்டிலேயே இருந்தன. அட்டை ஒன்றுதான் பாக்கி.

புதன்கிழமை மணப்பாறைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முறுக்கு பொரிகிற சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்ப சொல்லாதீங்க. டின்னுக்குள்ள முறுக்கு ஒடஞ்சிருந்தா, ஒடஞ்சிருக்குன்னு நான் கஸ்டமர்கிட்ட சொல்லுவனா? அடியில போட்டு மேல நல்லதா அடுக்கிருவேன்."

"ஒடஞ்சது அந்தக்கா ஆளுண்ணே. பதினாலு மாசம்."

"அது பேப்பர்ல இருக்கற பொம்பள தம்பி. நீங்க சொன்னீங்கன்னு வைங்க, நாளைக்கு நீங்க மழைன்னா நாங்க வெளிய கைய நீட்டிப் பார்ப்போம். ஆட்டம் போயிரும்."

அவர் சொன்னதில் பின்பாதி உண்மை. அதனாலேயே அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. முதல் பாதியைச் சொல்கிறவரிடமிருந்து இரண்டாம் பாதி வந்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கதவைத் திறந்துவிட்டு, தோளில் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. எல்லாரும் இருக்கறப்ப சொல்லணும்."

"பஸ்சு போயிரும்ப்பா."

"கிணறு கன்னி மூலையில இல்ல" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நோட்டைக் கொடுத்தேன். பதினான்கு மாதத்தில் அதை இன்னொருவர் கை தொட்டது அன்றுதான். அவர் சுருள் கம்பியிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்தார்; என்னைக் கேட்கவில்லை. தன் வரைபடத்தின் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு நேரே இரண்டையும் பிடித்தார். பொருந்தின. என் பக்கத்தை ஒரு அரைச்சுற்று திருப்பி, முதல் தளத்துத் தாளின் மேல் வைத்தார். படிக்கு நேரே படி வந்து உட்கார்ந்தது.

"எங்க வச்சு நம்பர் போட்ட?"

"சமயபுரம் க்யூவுல."

"உருப்படும்."

பேங்க் பரீட்சைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கண்டக்டர், என் பழைய மந்திரவாதி கேஸையும் எடுக்கணும். அவனும் மேப் தப்பாலதான் செத்திருப்பான்."

"அவன் முதல் தளத்துல செத்தான். எலி கடிச்சு. எலிக்கு வடக்கு தெற்கு கெடையாது" என்றேன். அவர் பதிமூன்றாம் பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"அக்கா ஆளு உயிரோட இருக்கா" என்றேன். "முக்குல நின்னீங்கள்ல, அங்கருந்து மறுபடி ஆடுவோம். நீங்க வரைஞ்ச மேப்புப்படி படி மேற்குல இருக்கு."

அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும். பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். தில்லைநகர் பஸ் போயிருக்கும்.

"முக்குல நிக்கறப்ப பூரான் எவ்வளவு தூரம்?"

"முப்பதடி."

"எனக்கு எத்தன அடி பாக்கி இருந்துச்சு?"

"ஒன்பது."

"சரி. மேற்க ஓடுறோம்."

படி இருந்தது. பந்த வெளிச்சத்தில் முதல் படிக்கட்டைச் சொன்னபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஆனால் பூரான் வேகம் அதிகம், படி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். நான் இதையெல்லாம் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து வாரமாக நோட்டில் எழுதியிருக்கிறது.

"அக்கா, நீங்க முன்னாடி ஏறிருங்க. திருடன் எதுக்கு இருக்கான்" என்றார் பேங்க் பரீட்சைக்காரர்.

"தம்பி, திருடன் ஏற்கனவே மேல போயிட்டான்" என்றார் மணப்பாறைக்காரர். உண்மைதான். முதலிலேயே சொல்லியிருந்தார்.

"கேடயம் யார்கிட்ட இருக்கு? நான் கீழ நிக்கறேன். மந்திரவாதி ஏறட்டும்" என்றார் அக்கா.

இப்போது நான் உருட்ட வேண்டும். பதினான்கோ அதற்கு மேலோ வந்தால் பூரானின் கொடுக்கு படும். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையைப் பார்த்தேன். அகலமான மேசை, வெள்ளை சன்மைக்கா, எங்கே விழுந்தாலும் மூன்று பேருக்கும் தெரியும். ஒரு அட்டை இருந்திருந்தால் அதன் பின்னால் உருட்டியிருப்பேன். சத்தியமாக உருட்டியிருப்பேன். நூலிழையில் தப்பிச்சிட்டீங்க என்று சொல்லியிருப்பேன், ஸ்பீக்கரில் மழை போட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

"நீங்களே உருட்டிருங்க அக்கா."

"பூரான் என்னோடதா? உருட்டு."

பதினெட்டு.

விஷத்துக்கு அவர் உருட்டினார். இருபது முகமும் ஒருதரம் சுற்றி, ஸ்கேலில் முட்டி, நான்கில் நின்றது.

மந்திரவாதி மேலே போய்ச் சேர்ந்தானா என்று அக்காதான் கேட்டார். சேர்ந்துவிட்டான் என்றேன். அவர் கேடயக்காரியின் தாளை எடுத்து, ஒன்பதை அடித்துவிட்டு, சைபர் போட்டார். போன வாரம் போட்டிருந்த சைபர் பக்கத்திலேயே இருந்தது.

"இதுக்கா தம்பி ஒரு வாரம் மொகத்தத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சீங்க?" என்றார் மணப்பாறைக்காரர். "அன்னைக்கும் செத்தா, இன்னைக்கும் செத்தா. நடுவுல உங்க மானந்தான் போச்சு."

"அண்ணே, நீங்க முறுக்கத் தின்னுங்க" என்றார் அக்கா.

அவர் ஆபீஸ் அலமாரியிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். புது ஆளுக்கு என்று நினைத்தேன். அதில் கட்டங்களுக்கு மேலே, வலது மூலையில், ஸ்கேல் வைத்து ஒரு அம்பு வரைந்து வடக்கு என்று எழுதினார். பிறகு தாளை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். அதன்மேல் பேனாவை வைத்தார்.

"கையெழுத்துப் போடு. எங்க பார்ட்டிங்ககிட்டல்லாம் இப்படித்தான் வாங்கறோம். பின்னாடி யாரும் மாத்திப் பேசக்கூடாதுல்ல."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு தாளுக்கும்."

கண்டக்டராக இருந்து யாரும் கையெழுத்துப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. போட்டேன். தேதியும் போடச் சொன்னார், போட்டேன். தாளை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, மூன்று அறுமுகப் பகடைகளைக் கையில் குலுக்கிக்கொண்டே, "இவளுக்குக் கேடயம் வேணாம், ஓடத் தெரிஞ்சா போதும்" என்று புது ஆளுக்கு உருட்ட ஆரம்பித்தார்.